சைலன்சரில் தண்ணீர்: ஒரு டீசல் வரலாறு

இன்னைக்கு எடுத்துக்கிற விஷயம் பார்க்க ரொம்பச் சின்னது. ஒரு பழைய டீசல் லாரி. விடியற்காலையில் ஸ்டார்ட் பண்றாங்க. சைலன்சர் குழாய் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுது, தரையில் கரி கலந்த ஈரத் திட்டு, பின்னாடியே வெள்ளைப் புகை. வண்டிக்காரருக்கு வயித்தைக் கலக்கிடும். பக்கத்துல நிக்கிறவர் ஒருத்தர் உடனே தீர்ப்பு சொல்லிடுவார்: "ஹெட் கேஸ்கெட் போச்சு." இன்னொருத்தர், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, குளிருக்கு அப்படித்தான் வரும்" என்பார். இரண்டு பேருமே சரியா இருக்கலாம். இரண்டு பேருமே தப்பாவும் இருக்கலாம்.

நம்ம நிகழ்ச்சி வரலாற்று நிகழ்ச்சி. மெக்கானிக் வேலையை எதுக்கு இங்கே பேசணும்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருது என்ற கேள்விக்குப் பதில் ஒன்று இல்லை, நான்கு. எரிபொருளே எரிந்து உண்டாக்கிய தண்ணீராக இருக்கலாம். மழைத் தண்ணீராக இருக்கலாம். சிலிண்டருக்குள் கசிந்த ரேடியேட்டர் தண்ணீராக இருக்கலாம். அல்லது சிலிண்டருக்கு வெளியே, புகை போகிற பாதையிலேயே கசிந்ததாக இருக்கலாம். இந்த நான்கு வழிகளும் ஒரே நாளில் லாரிக்குள் வந்துவிடவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு காரணத்துக்காக உள்ளே வந்தது. அந்த வரிசை தெரிந்தவருக்கு நோயும் சீக்கிரம் பிடிபடும்.

தீக்குள் இருக்கும் தண்ணீர்

முதல் வழி, எரிகிற எல்லா என்ஜினுக்கும் பொது. டீசல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். எரியும்போது கார்பன் கரியமில வாயுவாகிறது. ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியலைன்னு தோணும். ஆனா உண்மை. நூறு லிட்டர் டீசலைக் குடித்து ஓடிய லாரி, வழியெல்லாம் நூறு லிட்டர் அளவுக்குத் தண்ணீரை ஆவியாக விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. குழாய் சூடாக இருப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது.

இந்த வேதியியலை ஒரு காலத்தில் வேலைக்கே பயன்படுத்தினார்கள். 1923இல் முதன்முதலில் பறந்த அமெரிக்கக் கடற்படையின் ஷெனண்டோவா என்ற ஆகாயக் கப்பல், ஹீலியம் நிரப்பியது. ஹீலியம் அப்போது விலை மிகுந்த அபூர்வப் பொருள். என்ஜின்கள் எரிபொருளை எரிக்க எரிக்கக் கப்பலின் எடை குறையும், கப்பல் மேலே எழும்பும். அதைச் சமன் செய்ய ஹீலியத்தைத் திறந்து விட வேண்டும். அது கட்டுப்படியாகாது. அதனால் என்ஜின் புகையைக் குளிரவைத்து, அதிலிருக்கும் நீராவியைத் தண்ணீராக்கிச் சேமித்து, எரிந்த பெட்ரோலின் எடையை ஈடுகட்டினார்கள். பின்னால் வந்த ஆக்ரன் கப்பலின் பக்கங்களில் வரிசையாகத் தெரியும் கறுப்புப் பட்டைகள் இந்தத் தண்ணீர் பிடிக்கும் கருவிகள்தான்.

லாரி சைலன்சர் காலையில் செய்வதும் அதே வேலைதான், யாரும் கேட்காமலே. இரவெல்லாம் குளிர்ந்த இரும்புக் குழாய். அதற்குள் ஈரமான புகை நுழைகிறது. ஆவி சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. குழாயில் ஏற்கனவே படிந்த கரியையும் கழுவிக்கொண்டு கறுப்பாகச் சொட்டுகிறது. டீசல் என்ஜின் சும்மா நின்றபடி ஓடும்போது புகையில் சூடு குறைவு. அதனால் நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் ஓடவிட்டாலும் குழாய் முழுதாகக் காயாது. பாரம் ஏற்றி இருபது, முப்பது நிமிஷம் ஓட்டினால் காய்ந்துவிடும். காய்ந்த பிறகு நின்றுவிடும் தண்ணீர், பயப்பட வேண்டாத தண்ணீர்.

இரண்டாவது வழியை இங்கேயே சொல்லி முடிச்சிடலாம். புகைக்குழாய் கேபினுக்குப் பின்னால் நேராக வானத்தைப் பார்த்து நிற்கும் வண்டிகள் உண்டு, அமெரிக்காவில் அதிகம். குழாய் வாயில் ஒரு தகரத் தட்டு மூடி இருக்கும். புகை தள்ளும்போது திறக்கும், என்ஜின் நின்றால் மூடிக்கொள்ளும். அந்த மூடி துருப்பிடித்து விழுந்திருந்தால் மழை நேரே உள்ளே இறங்கும். பல மாதம் நிறுத்தி வைத்த பழைய வண்டியில் தண்ணீர் வந்தால், என்ஜினைப் பார்க்கும் முன் மூடி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கணும்.

தண்ணீரே வேண்டாம் என்றவர்

மூன்றாவது வழிக்கு வருவோம். இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. ருடால்ஃப் டீசல் 1893இல் தன் என்ஜினைப் பற்றிய நூலை வெளியிட்டபோது, அவர் மனத்தில் இருந்தது தண்ணீர் இல்லாத என்ஜின். அவருடைய பார்வையில் சிலிண்டரைக் குளிரவைப்பது என்றால் காசு கொடுத்து வாங்கிய வெப்பத்தைக் கீழே கொட்டுவது. சிலிண்டரைக் குளிர வைக்காமல் வெப்பத்தை உள்ளேயே காப்பாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டார். காகிதத்தில் அது அழகான கணக்கு. இரும்பு ஒத்துக்கொள்ளவில்லை.

நான்கு வருஷம் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் சோதனை நடந்தது. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அளந்து பார்த்தார்: எரிபொருளின் ஆற்றலில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. அன்றைய பெரும்பாலான நீராவி என்ஜின்கள் அதில் பாதியைக்கூட எட்டியதில்லை. உலகமே வியந்த அந்த வெற்றி என்ஜினின் சிலிண்டரைச் சுற்றி ஒரு தண்ணீர் உறை இருந்தது. வேண்டாம் என்று சொன்னவர் கடைசியில் தண்ணீரைக் கட்டிக்கொண்டுதான் ஜெயித்தார்.

அந்த நாளிலிருந்து டீசல் என்ஜின் என்றால் நெருப்பும் தண்ணீரும் அடுத்தடுத்த அறையில் குடியிருப்பது என்று ஆகிவிட்டது. நடுவே ஒரு இரும்புச் சுவர், சுவர் முடியும் இடத்தில் ஒரு கேஸ்கெட். 1923, 24 வாக்கில் ஜெர்மனியில் பென்ஸும் எம்.ஏ.என்.னும் டீசல் என்ஜினை லாரிக்குள் கொண்டுவந்தபோது இந்தக் குடித்தனம் சாலைக்கு வந்தது. பெட்ரோல் என்ஜின் காற்றை ஐந்து, ஆறு மடங்கு அமுக்கிய காலத்தில், டீசல் பதினைந்து மடங்குக்கு மேல் அமுக்கியது. அமுக்கினால்தான் தானாகத் தீப்பிடிக்கும். அதனால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கெட்டின் மேல் விழும் பாரமும் பெருகியது.

இங்கே ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கங்க, பின்னால உதவும். என்ஜின் ஓடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் பழைய வண்டியிலேயே எழுபது, எண்பது பார் போகும். ரேடியேட்டர் தண்ணீரின் அழுத்தம் சுமார் ஒரு பார். நடுச் சுவரில் ஓட்டை விழுந்தால், ஓடும்போது யார் யாரைத் தள்ளுவார்? வாயுதான் தண்ணீரைத் தள்ளும். ரேடியேட்டரில் குமிழி வரும், ஹோஸ் கல்லு மாதிரி இறுகும். என்ஜினை நிறுத்தியதும் நிலைமை தலைகீழ். சிலிண்டரில் அழுத்தம் இல்லை. சூடான தண்ணீரிலோ இன்னும் அழுத்தம் மிச்சமிருக்கிறது. அது மெல்ல மெல்லச் சிலிண்டருக்குள் இறங்கும். ராத்திரி முழுக்க இறங்கியது காலையில் வெள்ளைப் புகையாகவும் தண்ணீராகவும் வெளியே வரும்.

நிறைய இறங்கியிருந்தால் இன்னும் மோசம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் நகராது. நடுவில் மாட்டிய கனெக்டிங் ராடு வளையும். சொட்டும் தண்ணீரை லேசாக எடுத்துக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். ஒரு கேஸ்கெட்டோடு போயிருக்க வேண்டிய செலவு, ஒரு தரம் சாவி திருப்பியதில் முழு என்ஜின் செலவாகிவிடும்.

குமிழி அரித்த சுவர்

கேஸ்கெட் நல்லா இருந்தாலும் சுவரே ஓட்டையாகலாம். அந்த ஓட்டை வரும் விதம் விசித்திரமானது. டீசல் சிலிண்டரில் ஒவ்வொரு முறை தீப்பிடிக்கும்போதும் பிஸ்டன் பக்கவாட்டில் சுவரை அறைகிறது. சுவர் அதிர்கிறது. சுவரின் மறுபக்கம் இருக்கும் தண்ணீர், அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கூடவே நகர முடியாமல் ஒரு கணம் பிரிகிறது. அங்கே சின்னஞ்சிறு ஆவிக் குமிழிகள் பிறக்கின்றன. சுவர் திரும்பி வரும்போது குமிழி நசுங்கி வெடிக்கிறது. அந்த வெடிப்பு இரும்பில் ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளியைப் பெயர்க்கிறது. பல லட்சம் முறை இதே இடத்தில் நடந்தால் சுவரில் ஊசித் துளை விழுந்துவிடும்.

இந்தக் குமிழிப் பிரச்சினையை முதலில் சந்தித்தவர்கள் கப்பல்காரர்கள். சார்லஸ் பார்சன்ஸ் தன் நீராவி டர்பைன் கப்பலான டர்பினியாவை 1894இல் நீரில் இறக்கியபோது, சுழல்விசிறி வேகமாகச் சுற்றியும் கப்பல் எதிர்பார்த்த வேகம் போகவில்லை. விசிறியைச் சுற்றித் தண்ணீர் குமிழியாகப் பிரிந்ததுதான் காரணம். விசிறிகளின் எண்ணிக்கையைக் கூட்டி அதைச் சரிசெய்தார். குமிழி நசுங்கும்போது எவ்வளவு அழுத்தம் பிறக்கிறது என்ற கணக்கை 1917இல் ராலே பிரபு எழுதினார். கப்பல் விசிறிக்கு எழுதிய அந்தக் கணக்குதான் லாரி சிலிண்டர் சுவரில் நடப்பதையும் விளக்குகிறது.

அமெரிக்காவில் பழைய டீசல் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது ஏட்டுச் சங்கதி இல்லை. இன்டர்நேஷனல் கம்பெனி செய்து ஃபோர்டு வண்டிகளில் வந்த 6.9 லிட்டர் டீசல் என்ஜின் 1983 மாடலில் அறிமுகமானது. 1988இல் அதையே 7.3 லிட்டராகப் பெருக்கினார்கள். சிலிண்டர் விட்டம் 4.00 அங்குலத்திலிருந்து 4.11 அங்குலமானது. கூடுதல் இடம் எங்கிருந்து வந்தது? சுவரிலிருந்துதான். சுவர் மெலிந்ததால் குமிழி துளைக்க வேண்டிய தூரமும் குறைந்தது. அதனால்தான் அந்த வண்டிகளின் கூலன்டில் நைட்ரைட் கலந்த சேர்மானத்தைக் குறித்த கால இடைவெளியில் ஊற்ற வேண்டும். அது சுவரின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கும். குமிழி அடித்தால் படலம் பெயரும், மறுபடி உண்டாகும். கூலன்ட் என்பது வெறும் குளிர்விப்பு இல்லை, சுவருக்குக் கவசமும் கூட. பச்சைத் தண்ணீரை ஊற்றி வருஷக்கணக்கில் ஓட்டின டீசல் வண்டியில் கேஸ்கெட்டை மாற்றியும் தண்ணீர் நிற்கவில்லை என்றால், இந்த ஊசித் துளையைச் சந்தேகப்படணும்.

தலையில்லாத என்ஜின்

கேஸ்கெட்தானே தொல்லை, அதையே எடுத்துவிட்டால் என்ன? இப்படி யோசித்தவர்களும் உண்டு. பிரிட்டனின் லேலண்ட் கம்பெனி 1968இல் 500 வரிசை என்று ஒரு 8.2 லிட்டர் என்ஜினைக் கொண்டுவந்தது. அதில் ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு. கழற்றுகிற ஹெட் கிடையாது. அதனால் ஹெட் கேஸ்கெட்டும் கிடையாது. ஓட்டுநர்கள் அதற்குத் தலையில்லா அதிசயம் என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள்.

கசிவதற்கு இணைப்பே இல்லையே, இனி என்ன பிரச்சினை வரும் என்று தோன்றும். ஆனால் அந்த என்ஜின் நம்பகமில்லாதது என்று பெயரெடுத்தது. நெருப்பின் சூடும் தண்ணீரின் குளிர்ச்சியும் ஒரே இரும்பை இரு பக்கமும் இழுக்கும்போது, இரும்பு எங்கேயாவது இடம் கொடுத்தாக வேண்டும். கழற்றுகிற இணைப்பு இருந்தால் பழுது அங்கே வரும், மாற்றிக்கொள்ளலாம். இணைப்பு இல்லாவிட்டால் பழுது பார்ப்பதற்கு உள்ளே போகவே வழி கஷ்டம். 1972இல் வந்த லேலண்ட் நேஷனல் பஸ்ஸிலும் இந்த வரிசை என்ஜினைத்தான் வைத்தார்கள். 1979இல் அடுத்த வடிவமான நேஷனல் 2 வந்தபோது, கேஸ்கெட் உள்ள பழைய ஓ.680 என்ஜினுக்கே திரும்பிப் போனார்கள்.

நமக்கு லேலண்ட் அந்நியப் பெயர் இல்லை. சென்னையில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் லேலண்டின் பங்கு சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரிலிருந்து வந்த லாரிகளைப் பார்த்துப் பழகின நம்ம ஊர் மெக்கானிக்குகள், ஹெட்டைக் கழற்றுவது, முகத்தைத் தேய்த்துச் சமன் பண்ணுவது, கேஸ்கெட் போடுவது, போல்ட்டை வரிசைப்படி இறுக்குவது என்ற வேலையில் கை தேர்ந்தவர்கள். சைலன்சரில் தண்ணீர் என்றதும் கை நேராக ஹெட் போல்ட்டுக்குப் போவது இந்தப் பழக்கத்தால்தான். பல பத்தாண்டுகள் அந்தப் பழக்கம் சரியாகவே இருந்தது. நான்காவது வழி திறக்கும்வரை.

2002இல் திறந்த கதவு

1998இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை ஏழு பெரிய டீசல் என்ஜின் கம்பெனிகள் மேல் ஒரு குற்றச்சாட்டு வைத்தது. பரிசோதனையின்போது ஒழுங்காக நடந்துகொள்ளும் என்ஜின், நெடுஞ்சாலையில் ஓடும்போது மைலேஜுக்காகக் கம்ப்யூட்டர் வழியே தன் நடத்தையை மாற்றிக்கொண்டு நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்களை அதிகம் விடுகிறது என்பது குற்றச்சாட்டு. 8.34 கோடி டாலர் அபராதத்தோடு சமரசம் ஆனது. 2004இல் வரவேண்டிய மாசுக் கட்டுப்பாட்டை பெரும்பாலான கம்பெனிகள் 2002 அக்டோபரிலேயே நிறைவேற்ற வேண்டும் என்பதும் அந்தச் சமரசத்தில் ஒரு நிபந்தனை.

நைட்ரஜன் ஆக்ஸைடு எப்படிப் பிறக்கிறது? காற்றிலிருக்கும் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் மிகுந்த சூட்டில் சேரும்போது. சூட்டைக் குறைத்தால் அது குறையும். அதற்குக் கண்டுபிடித்த வழி, வெளியே போகிற புகையில் ஒரு பகுதியைத் திருப்பி என்ஜினுக்குள்ளேயே அனுப்புவது. இதைத்தான் இ.ஜி.ஆர். என்கிறோம். ஆனால் கொதிக்கும் புகையை அப்படியே உள்ளே விட முடியாது, குளிரவைக்கணும். எதை வைத்து? ரேடியேட்டர் தண்ணீரை வைத்துத்தான். அப்படி லாரிக்குள் வந்த பாகம் இ.ஜி.ஆர். கூலர். ஒரு பெட்டிக்குள் மெல்லிய உலோகக் குழாய்கள். உள்ளே புகை, வெளியே கூலன்ட்.

இப்போ பாருங்க. எழுபது, எண்பது வருஷமா லாரியில் தண்ணீரும் நெருப்பும் சந்திக்கக்கூடிய இடம் சிலிண்டர் பக்கம் மட்டும்தான். 2002க்குப் பிறகு, சிலிண்டருக்கு வெளியே இரண்டாவதாக ஒரு சந்திப்பு உண்டாகிவிட்டது. இங்கே நடுச்சுவர் வார்ப்பிரும்பு இல்லை, மெல்லிய தகடு.

இதற்குப் பேர்போன உதாரணம் ஃபோர்டு வண்டிகளில் 2003 முதல் 2007 வரை வந்த 6.0 லிட்டர் டீசல். செய்தது அதே இன்டர்நேஷனலின் தாய்க் கம்பெனியான நேவிஸ்டார். அந்த என்ஜினில் கூலன்ட் முதலில் ஆயில் கூலர் வழியாகப் போய், அதன் பிறகே இ.ஜி.ஆர். கூலருக்கு வரும். ஆயில் கூலரின் சந்துகள் ரொம்பக் குறுகல். வார்ப்பு மணலும் கூலன்ட் கசடும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், அடுத்திருக்கும் இ.ஜி.ஆர். கூலருக்குத் தண்ணீர் பத்தாது. பத்தாத தண்ணீர் கொதிக்கும், தகடு வெடிக்கும், கூலன்ட் புகைப் பாதையில் கொட்டும். சைலன்சரில் தண்ணீர் தெரிகிற இடம் கடைசி வீடு. நோய் தொடங்கியது இரண்டு வீடு தள்ளி, ஆயில் கூலரில். கூலரை மட்டும் மாற்றினால் புதுக் கூலரும் அதே கதிக்குப் போகும்.

அந்த என்ஜினில் ஹெட்டை இறுக்கிப் பிடிப்பது ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி நான்கே போல்ட். அழுத்தம் எகிறும்போது போல்ட் நீண்டு, கேஸ்கெட்டும் போகும். ஆக அந்த ஒரே வண்டியில் மூன்றாவது வழியும் நான்காவது வழியும் சேர்ந்தே திறக்கலாம். வாரண்டிச் செலவு யார் தலையில் என்று 2007இல் ஃபோர்டு நேவிஸ்டார் மேல் வழக்குப் போட்டது. 2009 தொடக்கத்தில் இரு தரப்பும் சமரசமானார்கள்.

ஒரு லாரி, இரண்டு தடவை கழற்றிய ஹெட்

நம்ம நாட்டில் பி.எஸ். 4 விதிமுறை 2017 ஏப்ரலில் நாடு முழுக்க வந்தது. இ.ஜி.ஆர். கூலர் உள்ள லாரிகள் சாலையில் பெருகின. அப்போது என் சித்தப்பா சங்ககிரியில் ஒரு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒத்தை லாரிக்காரர், மாசாமாசம் தவணை. காலையில் வெள்ளைப் புகை, கூலன்ட் குறைகிறது. பட்டறையில் பார்த்தவுடன் கேஸ்கெட் என்றார்கள். ஹெட் கழற்றி, முகம் தேய்த்து, மாற்றினார்கள். மூன்று வாரத்தில் மறுபடி அதே புகை. இரண்டாம் தடவையும் ஹெட்டைக் கழற்றினார்கள். இந்த முறை ஹெட்டில் விரிசல் இருக்கும் என்று வேறு ஹெட் போட்டார்கள். அதற்குள் மூன்று தவணை நின்றுவிட்டது. "இது ராசியில்லாத வண்டிடா" என்று சொல்லி வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். வாங்கினவர் இ.ஜி.ஆர். கூலரைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துப் பார்த்திருக்கிறார். குமிழி வந்திருக்கிறது. கூலரை மாற்றி, அதே லாரியை இன்னும் நாலைந்து வருஷம் ஓட்டினார்.

பட்டறைக்காரர் ஏமாற்றவில்லை. அவர் கை அறிந்த வரலாறு 2002க்கு முந்தையது, அவ்வளவுதான். ஆனால் அதற்கான விலையைக் கட்டினது சித்தப்பா.

எந்த வரிசையில் பார்ப்பது

வரலாறு சொன்ன வரிசையிலேயே, செலவு குறைந்ததிலிருந்து கூடினது வரை பார்த்துக்கொண்டு போகலாம்.

முதலில் வண்டியைப் பாரத்தோடு அரை மணி நேரம் ஓட்டிக் குழாயைக் காய வைக்கணும். அதற்குப் பிறகு தண்ணீரும் வெள்ளைப் புகையும் நின்றால், ஆறின என்ஜினில் கூலன்ட் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் தினமும் காலையில் பார்க்கணும். மட்டம் இறங்கவில்லை என்றால் வந்தது எரிபொருள் தண்ணீர். ஹெட்டைத் தொட வேண்டியதே இல்லை. சொட்டும் தண்ணீரை விரலில் எடுத்து மோந்து பார்க்கலாம். கூலன்ட் என்றால் இனிப்பு வாடையும் பிசுபிசுப்பும் இருக்கும். நாக்கில் வைக்கக் கூடாது, கூலன்டில் இருக்கும் கிளைக்கால் விஷம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது.

மட்டம் இறங்கினால் அடுத்த கேள்வி: எந்தச் சந்திப்பில்? இங்கே நான் முன்னால் சொன்ன அழுத்தக் கணக்கு உதவும். ஆறின என்ஜினை ஸ்டார்ட் பண்ணிச் சில நிமிஷத்திலேயே, இன்னும் சூடேறும் முன்பே மேல் ஹோஸ் இறுகினால், சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் போகிறது என்று அர்த்தம். அது கேஸ்கெட், ஹெட் விரிசல் அல்லது சுவர்த் துளை. ஹோஸ் சாதாரணமாக இருந்து, கூலன்ட் மட்டும் குறைந்து, என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால் இ.ஜி.ஆர். கூலர் பக்கம் சந்தேகம் போகணும். ஏன்னா புகைப் பாதையில் அழுத்தம் கம்மி. ஓடும்போதே தண்ணீர் அந்தப் பக்கம் கசியும். இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றினால் உள்ளே காய்ந்த கரி இருப்பது இயல்பு. ஈரமாகவோ, ஆவியில் கழுவின மாதிரிப் பளிச்சென்றோ இருந்தால் சாட்சி கிடைத்துவிட்டது.

கூலன்டில் எரிந்த வாயு இருக்கிறதா என்று காட்டும் நீலத் திரவம் கடையில் கிடைக்கும். வாயு கலந்தால் நிறம் மாறும். டீசல் நின்றபடி ஓடும்போது கரியமில வாயு குறைவு, அதனால் பாரத்தோடு ஓட்டி வந்தவுடன் சோதித்தால்தான் நம்பலாம். ஆறின என்ஜினில் ரேடியேட்டருக்கு மூடியில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்றழுத்தம் கொடுத்து, அழுத்தம் நிற்கிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதும் பழைய, நம்பகமான முறை. 6.0 லிட்டர் வண்டி என்றால், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஆயில் சூட்டுக்கும் கூலன்ட் சூட்டுக்கும் வித்தியாசம் சுமார் 8 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆயில் கூலர் அடைத்திருக்கிறது.

எதற்கும் முன்னால் ஒன்று. ராத்திரியில் கூலன்ட் வெகுவாகக் குறைந்து, காலையில் ஸ்டார்ட்டர் திக்கினால், மறுபடி சாவியைத் திருப்பாதீங்க. குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றிவிட்டு, கையால் என்ஜினைச் சுற்றி, தண்ணீர் இருந்தால் அந்தத் துளை வழியா வெளியேற விடணும். ராடு வளைவதைத் தடுக்கிற கடைசி வாய்ப்பு அதுதான்.

அனுபவம் உள்ள மெக்கானிக் ஒருத்தரிடம் போய் சைலன்சரில் தண்ணீர் வருதுன்னு சொல்லிப் பாருங்க. ஸ்பேனரை எடுக்க மாட்டார். "என்ன மாடல், எந்த வருஷ வண்டி?" என்றுதான் முதலில் கேட்பார். நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே அந்த வண்டியில் எத்தனை சுவர் இருக்கிறது, எது மெல்லிசு என்பதை அந்த வருஷம் சொல்லிவிடும். உங்க வண்டிக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் ஹெட்டைக் கழற்றப் போனால், கொஞ்சம் நிறுத்தி நீங்களே வருஷத்தைச் சொல்லிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.